‘இல்லை’ என்று எழுதுமுன்



கடல் கடந்து சென்று பொருளீட்டுவது நம் மக்களுக்குப் புதிதன்று. நம் பாட்டனார்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினார்கள். அவர்தம் மக்கள், 1970களில் எண்ணெய் வளம் பெருகிய அரபு நாடுகளை நோக்கிப் புறப்பட்டார்கள். இன்று பேரப்பிள்ளைகள் சிங்கப்பூர், இங்கிலாந்து, கனடா என்று உலகின் நாற்புறமும் பரவியிருக்கின்றார்கள். அன்றைய சபராளிக்கு, முன்னரே அங்குச் சென்றிருந்த ஊர்க்காரர் ஒருவர் ‘இவர் நல்ல பிள்ளை’ என்று சொன்னால் போதும். கடையில் இடம் கிடைத்துவிடும். இன்றைய பயணிக்கு அது போதாது. அவர் முன் ஒரு படிவம் நீட்டப்படுகின்றது. அதில் பெயர், தந்தை பெயர், படிப்பு ஆகியவற்றை அடுத்து ஒரு வினா நிற்கின்றது: ‘நீர் எப்போதேனும் குற்றவியல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா?’ எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘ஆம்’, மற்றொன்று ‘இல்லை’.

பெரும்பாலோர் அந்த வினாவை ஒரு நொடியில் கடந்துவிடுவார்கள். ஆனால் சிலருக்கு அந்த இடத்தில் பேனா நின்றுவிடும். இருபது வயதில், இரத்தம் சூடேறிய நேரத்தில், தெருச் சண்டையொன்றில் ஒருவரைத் தாக்கியிருப்பார், நீதிமன்றம் தண்டித்திருக்கும், அதை அனுபவித்துத் தீர்த்து, அல்லாஹ்விடம் அழுது தவ்பாச் செய்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்திருப்பார். இப்போது மனைவி, மக்கள், தங்கையின் திருமணம் என்று பொறுப்புகள் சேர்ந்துவிட்டன. வெளிநாட்டில் ஒரு வேலை கைகூடி வந்திருக்கின்றது. வீட்டார் சொல்கின்றார்கள்: ‘அல்லாஹ்வே மன்னித்துவிட்டான், மனிதனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?’ ஏஜெண்டு சொல்கின்றார்: ‘இல்லை என்று போடுங்கள், யார் பார்க்கப் போகின்றார்கள்?’

இந்த இரண்டு பேச்சும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் முதலாவது ஒரு பேருண்மையின் பாதி. இரண்டாவது முழுப் பொய். பாதி உண்மை முழுப் பொய்யோடு கைகோத்து நிற்கும்போதுதான் நல்ல மனிதரும் தடுமாறுகின்றார். ஆதலின், இது குறித்து மார்க்கம் சொல்வதென்ன, உலக நடைமுறை சொல்வதென்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மறைப்பது வேறு, பொய் வேறு

தான் செய்த பாவத்தை ஊரறியச் சொல்லித் திரியும் கடமை ஒரு முஸ்லிமுக்கு இல்லை. சொல்லித் திரிவது குற்றமும்கூட. இரவில் தவறிழைத்தான் ஒருவன். அல்லாஹ் அதை மூடி மறைத்து வைத்தான். விடிந்ததும் அவனோ, நேற்று இன்னின்னது செய்தேன் என்று தானே அந்தத் திரையைக் கிழித்துவிட்டான். இத்தகையோர் மன்னிப்பின் எல்லைக்கு வெளியே நிற்கின்றார்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் அறிவிக்கின்றன. மற்றொரு முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பதும் அவர்கள் தந்த நன்மாராயமே. பாவத்திலிருந்து மீண்டவர் பாவமே செய்யாதவரைப் போன்றவர் என்பதும் நாம் கேட்டு வளர்ந்த போதனை.

எனவே பழைய தண்டனையைப் பக்கத்து வீட்டாரிடமோ, உடன் வேலை செய்வோரிடமோ, விமானத்தில் அருகில் அமர்ந்தவரிடமோ சொல்ல வேண்டியதில்லை. கேட்காத இடத்தில் வாய் மூடியிருப்பது அவருடைய உரிமை. அந்த உரிமையை இறைவனே அவருக்கு வழங்கியிருக்கின்றான்.

ஆனால் ‘இல்லை’ என்று எழுதுவது வாய் மூடியிருப்பதாகுமா? இங்கேதான் நாம் கவனமாக இருத்தல் வேண்டும். மௌனம் ஒரு திரை. உள்ளதை மூடுகின்றதேயன்றி இல்லாததைக் காட்டுவதில்லை. பொய்யோ, இல்லாத ஒன்றை உண்டென்றும் உள்ள ஒன்றை இல்லையென்றும் காட்டுகின்றது. கேள்வி கேட்கப்படாத வரையில் திரைக்கு இடமுண்டு. கேட்கும் உரிமையுள்ளவர் கேட்டுவிட்ட பின், அதற்குத் தரப்படும் பதில் உண்மையாகவோ பொய்யாகவோதான் இருக்க முடியும்.

படிவத்தின் அடியில் ஒரு கையெழுத்து

வேலைக்கான விண்ணப்பம் வெறுந்தாளன்று. அது ஓர் உடன்படிக்கையின் முதற்படி. ஒருவர் உழைப்பைத் தருகின்றார். மற்றவர் ஊதியத்தைத் தருகின்றார். இருவரும் எதை நம்பி இணங்குகின்றார்களோ, அந்த நம்பிக்கையில்தான் ஒப்பந்தம் நிற்கின்றது. மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று பெருமானார் கடிந்தார்கள். தானியம் நனைந்தது அவ்வணிகரின் குற்றமன்று. மழை பெய்தால் நனையத்தான் செய்யும். ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். வாங்குபவரும் விற்பவரும் உள்ளதைத் தெளிவாகச் சொன்னால் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிந்துவிடும் என்பதும் பெருமானார் காட்டிய அளவுகோல். உழைப்பை விற்பதற்கும் அதே அளவுகோல்தானே!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ எல்லாப் படிவங்களின் அடியிலும் ஓர் உறுதிமொழி இருக்கும்: மேலே சொன்னவை யாவும் உண்மை என்று. அதன் கீழ்தான் நாம் கையெழுத்திடுகின்றோம். அந்தக் கையெழுத்து ஒரு சாட்சியம். பெரும்பாவங்களை நபி (ஸல்) அவர்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது சாய்ந்திருந்தவர்கள், பொய்ச் சாட்சியம் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து அமர்ந்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இனி நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்குச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய பாவம் தவ்பாவினால் கழுவப்பட்டிருக்கலாம். இன்று இடும் பொய்க் கையெழுத்து, இன்றைய தேதியிட்ட புதிய பாவம். பழையதை மறைக்கப் புதியதைச் செய்வது, கழுவிய சட்டையை மீண்டும் சேற்றில் போடுவதாகும்.

கற்றோர் எழுப்பும் ஒரு கேள்வி

கிதாபு ஓதியவர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம், எழுப்புவதும் நியாயமே. ஆட்சியாளர் ஒருவரை அழைத்து, அவர் தனிமையில் செய்த பாவத்தைப் பற்றிக் கேட்டால், ‘நான் செய்யவில்லை’ என்று அவர் மறுக்கலாம் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இமாம் நவவி (ரஹ்) அவர்களும் எழுதியிருக்கின்றார்களே. அச்சலுகை இதற்கும் பொருந்தாதா என்பதே அக்கேள்வி.

பொருந்தாது என்பதே என் கருத்து. காரணங்கள் இரண்டு. முதலாவது, அவ்விமாம்கள் பேசுவது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் மட்டும் நின்ற, வேறெவரும் அறியாத பாவத்தைப் பற்றி. நீதிமன்றத் தீர்ப்போ பகலில், பலர் முன்னிலையில், ஏட்டில் பதியப்பட்டது. அல்லாஹ் விரித்த திரை அங்கே இல்லை. நாமாக ஒரு திரையை வரைந்து வைக்கின்றோம். இரண்டாவது, அந்தச் சலுகையில் பிறருடைய உரிமை எதுவும் பறிபோவதில்லை. இங்கே அப்படியன்று. தம் வீட்டிலோ, கடையிலோ, மருத்துவமனையிலோ, பள்ளியிலோ யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் கேட்கின்றார். தம் நாட்டு வாசலில் யாரை அனுமதிப்பது என்று ஓர் அரசு கேட்கின்றது. உண்மை தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பார்கள் என்றால், பொய்யினால் அவர்களுடைய முடிவை நாம் திருடியவர்களாகின்றோம். நல்ல நோக்கமொன்றைப் பொய்யின்றி அடைய வழியிருக்கும்போது பொய் ஹராம் என்பதும் அதே இமாம்கள் வகுத்த விதியன்றோ!

மத்யன் நகருக்கு வந்த வேலையாள்

இதற்கு நேரான முன்மாதிரி திருமறையிலேயே இருக்கின்றது. அல்கஸஸ் என்னும் 28ஆவது அத்தியாயத்தில் நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறு வருகின்றது. மிஸ்ரில் இருவர் சண்டையிட்டனர். உதவி கேட்டவருக்காக மூஸா (அலை) அவர்கள் மற்றவனைக் குத்தினார்கள், கொல்லும் நோக்கமில்லை, ஆயினும் அவன் இறந்தான். உடனே இறைவனிடம் மன்னிப்புக் கோரினார்கள், அவன் மன்னித்தான். எனினும் ஊர்த் தலைவர்கள் அவர்களைக் கொல்லத் திட்டமிட்டார்கள். எனவே நாட்டைவிட்டு வெளியேறி, மத்யன் நகரை அடைந்தார்கள்.

அங்கே கிணற்றடியில் இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களின் தந்தை, முதியவர், ஆளனுப்பி அழைத்தார். அவர்முன் சென்றதும் மூஸா (அலை) அவர்கள் செய்த முதல் காரியம் என்ன? தம் வரலாற்றை அவரிடம் எடுத்துரைத்ததே என்று 25ஆவது வசனம் சொல்கின்றது. அதைக் கேட்ட பின்னர்தான் அம்முதியவர், அஞ்சாதீர் என்று ஆறுதல் கூறுகின்றார். அதன் பின்னரே, 26ஆவது வசனத்தில், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பகமும் உடையவரே சிறந்த வேலையாள் என்று மகள் பரிந்துரைக்கின்றாள். எட்டாண்டு வேலை, விரும்பினால் பத்தாண்டு என்ற ஒப்பந்தமும் அதன் பிறகே.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பழைய நிகழ்ச்சி முதலில், வேலை பின்னர். நாடு விட்டு நாடு வந்த ஒருவர், கையில் காசில்லாத ஒருவர், ஒரு கவளம் உணவுக்கும் இறைவனிடம் கையேந்தி நின்ற ஒருவர், தம்மிடம் கேட்காமலேயே உள்ளதைச் சொன்னார். கிணற்றடியில் கூடியிருந்த இடையர்களிடம் அதைச் சொன்னதாகத் திருமறை கூறவில்லை. சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொன்னார். நம்பகமானவர் என்ற பெயருக்கு அந்தப் பழைய நிகழ்ச்சி தடையாகவும் இல்லை.

கேட்காமலே சொல்லும் அந்த உயர்நிலை நமக்கு எட்டாமல் போகலாம். கேட்டபோதேனும் பொய் சொல்லாதிருக்கும் நிலையை நாம் எட்ட வேண்டாவா?

சட்டம் சொல்வது என்ன?

‘யார் பார்க்கப் போகின்றார்கள்’ என்னும் ஏஜெண்டின் பேச்சுக்கு வருவோம். பார்க்கின்றார்கள் என்பதே இன்றைய நிலை.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, ஒழுக்கக்கேடான குற்றத்திற்காக இந்திய நீதிமன்றத்தால் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்கு, விண்ணப்பத்திற்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் அத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தால், பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். அந்த ஐந்தாண்டு கடந்தவருக்கு இக்காரணத்தால் வாயில் அடைபடுவதில்லை என்பதை நினைவிற்கொள்க. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளவர்களும் அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு பாஸ்போர்ட் பெற 1993ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று வழி செய்திருக்கின்றது. ஆனால் பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தந்தாலோ முக்கியமான தகவலை மறைத்தாலோ, இரண்டு ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பாஸ்போர்ட்டையும் பறிமுதல் செய்யலாம். பாருங்கள்: பழைய குற்றத்திற்குச் சட்டம் ஒரு காலவரம்பு வைத்திருக்கின்றது, புதிய பொய்க்கோ புதிதாகவே ஒரு தண்டனையை வைத்திருக்கின்றது.

அடுத்து, பல நாடுகள் வேலை விசாவுக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கின்றன. இந்தியாவில் இதைப் பாஸ்போர்ட் அலுவலகம், காவல் துறையின் விசாரணைக்குப் பின் வழங்குகின்றது. எந்த நாடு கேட்கின்றது என்பதும் அடிக்கடி மாறுகின்றது. ஐக்கிய அரபு அமீரகம் 2018 பிப்ரவரியில் வேலை விசாவுக்கு நன்னடத்தைச் சான்று கேட்டது. இரண்டு மாதங்களுக்குள் அதை நிறுத்தி வைத்தது. இந்தியர்களுக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டாம் என்று சவூதி அரேபியா 2022 நவம்பரில் அறிவித்தது. ஆகவே, ‘சென்ற ஆண்டு என் மைத்துனர் போனார், ஒன்றும் கேட்கவில்லை’ என்பதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இன்றைய விதியைக் கேட்டறியுங்கள்.

பொய்க்கு அந்நாடுகள் தரும் தண்டனையையும் அறிந்திருத்தல் நன்று. சிங்கப்பூரில் வேலை அனுமதிக்கான விண்ணப்பத்தில் பொய் கூறினால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கனடாவில் உண்மையை மறைத்தவருக்கு ஐந்து ஆண்டுகள் நுழைவுத் தடை. இங்கிலாந்தில் ஏமாற்றி விண்ணப்பித்தவருக்குப் பத்து ஆண்டுகள் வரை தடை நேரலாம். அமெரிக்காவிலோ அந்தத் தடைக்கு ஆண்டுக் கணக்கே இல்லை. சில விலக்குகள் கிடைத்தாலன்றி ஆயுள் முழுதும் தொடரும்.

இதற்கு எதிராக, உண்மை சொன்னவருக்கு என்ன நேர்கின்றது? கனடாவையே எடுத்துக்கொள்வோம். தண்டனையை முழுதும் முடித்து ஐந்து ஆண்டுகள் கடந்தவர், தாம் திருந்திவிட்டதைக் காட்டி அந்நாட்டு அரசிடம் முறையாக விண்ணப்பிக்கலாம். கடுங்குற்றமல்லாத ஒரே ஒரு குற்றம் மட்டும் செய்தவர், பத்து ஆண்டுகள் கடந்தால், திருந்தியவராகவே கருதப்படவும் இடமுண்டு. திருந்தியவருக்கு ஒரு கதவு. பொய் சொன்னவருக்கு ஒரு தாழ்ப்பாள். இது நாம் ஓதிய தவ்பாவின் ஒழுங்கை நினைவூட்டவில்லையா?

இங்கிலாந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில தண்டனைகளைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் சொல்ல வேண்டியதில்லை என்று அங்கே 1974ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. அதைக் கேள்விப்பட்டுச் சிலர் விசா விண்ணப்பத்திலும் ‘இல்லை’ என்று எழுதிவிடுகின்றார்கள். 2012 அக்டோபர் முதல், விசா மற்றும் குடியுரிமை முடிவுகளுக்கு அச்சலுகை இல்லை. எத்தனை பழையதாயினும் கேட்டால் சொல்லத்தான் வேண்டும்.

கேட்டதற்கு விடை சொல்லுங்கள்

உண்மை சொல்வது என்றவுடன், கேட்டதையும் கேட்காததையும் கொட்டித் தீர்ப்பது என்று பொருளன்று. படிவத்தின் வினாவைச் சொல் சொல்லாகப் படியுங்கள். தண்டிக்கப்பட்டதுண்டா என்று ஒரு படிவம் கேட்கும். கைது செய்யப்பட்டதுண்டா என்று இன்னொன்று கேட்கும். வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா என்று மற்றொன்று கேட்கும். இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகள். போலீசில் புகார் பதிவானது தண்டனையன்று. குற்றமற்றவர் என விடுதலையானவர் தண்டிக்கப்பட்டவரல்லர். தண்டனையைப் பற்றி மட்டும் கேட்கும் படிவத்தில் அவர் ‘இல்லை’ என்று எழுதினால் அது முழு உண்மை. ஆனால் கைதைப் பற்றிக் கேட்டால், ‘ஆம், ஆயினும் விடுதலையானேன்’ என்பதே உண்மை. சிறையில்லாமல் அபராதம் மட்டும் கட்டியதைப் பலர் தண்டனையாக எண்ணுவதில்லை; அதுவும் நீதிமன்றத் தீர்ப்பே. இங்கிலாந்தின் விசாப் படிவம் வாகனம் ஓட்டியதில் பெற்ற தண்டனைகளையும் சேர்த்துக் கேட்கின்றது.

நம் உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு, அவ்தார் சிங் என்பவரின் வழக்கில், அரசு வேலைக்கான படிவங்களைப் பற்றி இதே வகையில் நெறி வகுத்தது. தரும் தகவல் உண்மையாக இருத்தல் வேண்டும். அதே வேளையில், படிவம் குறிப்பாகக் கேட்டதைச் சொல்லாவிட்டால்தான் அது மறைத்தலாகும். சிறு குற்றங்களை வேலை தருவோர் பொருட்படுத்தாமல் விடலாம் என்பன அத்தீர்ப்பின் சாரங்களுள் சில. உண்மை சொன்னாலும் வேலை தந்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிறுவயதில் தவறிழைத்தோர்க்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பெரும் பாதுகாப்புத் தருகின்றது. மிகக் கொடிய குற்றத்திற்காகப் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்ட பதினாறு வயது கடந்தோரைத் தவிர, ஏனையோர்க்கு அதனால் எந்தத் தகுதிக்குறைவும் நேராது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டோர்க்கும் 1958ஆம் ஆண்டின் சட்டத்தில் தகுதிக்குறைவு நீங்கும் விதி உண்டு. ஆயினும் குற்றத் தீர்ப்பு அழிந்துபோவதில்லை. இத்தகையோர் வெளிநாட்டுப் படிவத்தில் எவ்வாறு எழுதுவது என்பதை நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும், ஏஜெண்டிடம் அன்று.

பொய் வழக்கில் சிக்கியவர்களுக்கோ நபி யூசுஃப் (அலை) அவர்களின் முன்மாதிரி இருக்கின்றது. அயல்நாடான மிஸ்ரில், குற்றமின்றியே சிறையிருந்தார்கள். அரசன் ஆளனுப்பி அழைத்தான். வேறொருவராயின் கதவு திறந்ததே போதும் என்று ஓடி வந்திருப்பார். அவர்களோ, முதலில் அந்த வழக்கை விசாரித்து உண்மையைத் தெளிவுபடுத்துங்கள் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். பழி நீங்கிய பின்னரே வெளியே வந்து, நாட்டின் களஞ்சியப் பொறுப்பையும் ஏற்றார்கள். நிலுவையிலுள்ள வழக்கை அப்படியே விட்டுவிட்டு விமானமேறத் துடிக்கும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். வழக்கை முடித்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வாங்கிய பின் புறப்படுங்கள்.

‘ஆம்’ என்று எழுத வேண்டியவர், அதோடு நிறுத்திவிடாமல் ஒரு தனித்தாளில் சுருக்கமாக விளக்கம் எழுதுதல் நன்று. எந்த ஆண்டு, எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, என்ன தண்டனை, அது எப்போது முடிந்தது, அதன்பின் எப்படி வாழ்ந்தீர்கள் என்பன போதும். 2024 ஜூலை முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் பழைய தீர்ப்பில் உள்ள பிரிவையே குறிப்பிடுங்கள். பழியைப் பிறர்மேல் போடாதீர்கள். குற்றத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். படிவத்தை ஏஜெண்டு நிரப்பினாலும் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். மறுமையில் அந்தக் கையெழுத்துக்கு விடை சொல்லப் போவது அவரல்லர், நீங்கள்.

உண்மைக்கு ஒரு விலை உண்டு

உண்மை சொன்னால் வேலை கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்காமலும் போகலாம். வாங்கிய கடன் நிற்கலாம். வீட்டில் கண்ணீர் வரலாம். உண்மைக்கு விலை இல்லையென்று சொல்பவர் உண்மை பேசிப் பார்க்காதவர்.

கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கிவிட்டார்கள். அண்ணலார் (ஸல்) திரும்பி வந்தபோது, பின்தங்கியோரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். கஅப் (ரலி) அவர்களோ நாவன்மை மிக்கவர்கள்; நினைத்திருந்தால் எல்லோரையும்விட அழகாய்ச் சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் காரணம் ஏதுமில்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். விளைவு? ஐம்பது நாட்கள் மதீனாவே அவர்களோடு பேசவில்லை. பூமி அவர்களுக்கு நெருக்கமாயிற்று. அதன் பின்னரே மன்னிப்பு இறங்கியது. அவர்களைப் பற்றிய வசனத்தை அடுத்தே, உண்மையாளர்களுடன் இருங்கள் என்ற கட்டளை தவ்பா அத்தியாயத்தில் இடம்பெற்றது. சாக்குச் சொன்னோரின் கதி என்னவாயிற்று என்பதும் அதே அத்தியாயத்தில் இருக்கின்றது. இஸ்லாத்தைத் தழுவியதற்கு அடுத்தபடியாக, அன்று உண்மை பேசியதே தமக்குக் கிடைத்த பெரும்பேறு என்று பிற்காலத்தில் கஅப் (ரலி) அவர்கள் சொல்லி மகிழ்ந்தார்கள்.

பொய்யின் மேல் பெற்ற வேலையில் ஒவ்வொரு நாளும் ஓர் அச்சம் இருக்கும். அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு துடிக்கும். பத்தாண்டு உழைத்துக் கட்டிய வாழ்வு ஒரு தாளினால் ஒரு நாளில் சரியலாம். அந்த அச்சத்தோடு அனுப்பும் பணத்தில் வீட்டார் எந்த நிம்மதியை வாங்குவார்கள்?

வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும்

ஒருவர் உண்மை சொல்லத் துணிய வேண்டுமானால், சொல்பவரைத் தாங்கும் உள்ளங்களும் வேண்டும். மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, சபிக்காதீர், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனையை அனுபவித்தவரை நோக்கி, ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பது எந்த மார்க்கத்தில் உள்ளது? அவரைப் பொய்யின் பக்கம் தள்ளுவதில் நம் நாவுக்கும் பங்குண்டு.

ஆகவே, தாய்மார்களே! ‘இல்லை என்று எழுதிவிடு’ என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். ‘உள்ளதை எழுது, ரிஜ்க் கொடுப்பவன் அல்லாஹ்’ என்று சொல்லுங்கள். ஊரில் தொழில் நடத்தும் செல்வந்தர்களே! உண்மை சொன்னதால் வெளிநாட்டு வாய்ப்பை இழந்தவர் உங்கள் வாசலில் வந்து நின்றால், மத்யனின் முதியவரைப் போல் ‘அஞ்சாதீர்’ என்று ஒரு சொல் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வேலையும் கொடுங்கள். ஜமாஅத்துப் பெரியவர்களே! படிவம் நிரப்பத் தெரியாமல் ஏஜெண்டுகளிடம் சிக்கும் பிள்ளைகளுக்கு, பள்ளிவாசலிலேயே ஒரு மேசை போட்டு, சட்டம் அறிந்த ஒருவரை அமர்த்துங்கள். அதுவும் ஒரு ஸதகாவே.

இறுதியாக, பேனாவை நிறுத்தி யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரரே! உங்கள் பழைய பாவத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டீர்கள். அதை மன்னிக்க அவன் போதுமானவன். அவன் மன்னித்துவிட்ட ஒன்றுக்காக, அவன் வெறுக்கும் ஒன்றை இன்று எழுதிவிடாதீர்கள். எங்கே எவ்வளவு எழுதப்பட்டிருக்கின்றதோ அந்த ரிஜ்க் உங்களைத் தேடி வரும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக! கேட்கப்படும் இடத்தில் உண்மை உரைக்கும் துணிவையும், ஹலாலான உணவையும் நமக்கு நல்குவானாக! ஆமீன்.